வேலையை விடாமல் சினிமா, டிஜிட்டல் மீடியாவில் முதுகலை படிக்க முடியுமா? வடசென்னை பட்டதாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு வேலை, எண்ணூரில் ஃபேக்டரி ஷிப்ட், மணலியில் கான்ட்ராக்ட் வேலை, ராயபுரத்தில் ஷிப்பிங் அலுவலக வேலை... ஒரு டிகிரியை முடித்துவிட்டு இப்படி வேலைக்குப் போகும் வடசென்னை இளைஞர்களில் சினிமா, யூடியூப், எடிட்டிங் பக்கம் மனசு இருப்பவர்கள் உண்டு. ஆனால், சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று வருஷம் படிக்கப் போக முடியாது. ‘பார்ட் டைம்ல எம்.ஏ. சினிமா படிக்கலாமா?’ என்று கேட்டால் விளம்பரங்கள் எல்லாம் ‘படிக்கலாம்’ என்றுதான் சொல்கின்றன. சட்டமும் பல்கலைக்கழக விதிகளும் என்ன சொல்கின்றன? எங்கே சேரலாம், எங்கே ஏமாறலாம்? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமான பதில்

- டிஜிட்டல் மீடியா, இதழியல், மக்கள் தொடர்பியல் ஆகியவற்றை வேலை பார்த்துக்கொண்டே முதுகலை அளவில் படிக்கலாம். முறையான பட்டமும் கிடைக்கும்.
- கேமரா, இயக்கம், எடிட்டிங் போன்ற சினிமா தொழில்நுட்பப் படிப்புகள் பெரும்பாலும் முழுநேரப் படிப்புகள்தான்.
- எனவே வேலையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் உள்ள வழி, பட்டத்தைத் தொலைநிலையில் வாங்கிக்கொண்டு கைத்தொழிலைத் தனியாகக் கற்றுக்கொள்வது.
- இரண்டையும் ஒரே கட்டணத்தில், சனி, ஞாயிறு வகுப்பில் தருவதாக யாராவது சொன்னால், சான்றிதழைக் கொடுக்கப்போவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

‘பார்ட் டைம்’ என்றால் என்ன?

பேச்சுவழக்கில் மூன்று விஷயங்களையும் பார்ட் டைம் என்றே சொல்கிறோம்.

முதலாவது, மாலை நேரக் கல்லூரி. இன்று பல கல்லூரிகளில் இது ‘ஷிப்ட் 2’ என்ற பெயரில் மதியத்துக்கு மேல் நடக்கிறது. நேரில் போய் உட்கார வேண்டும், வருகைப்பதிவு உண்டு. வழக்கமாக 75 சதவீதம் கேட்பார்கள்.

இரண்டாவது, தொலைநிலைக் கல்வி. பாடநூல் வீட்டுக்கு வரும் அல்லது பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். குறிப்பிட்ட சில நாட்களில் தொடர்பு வகுப்பு, பிறகு தேர்வு மையத்தில் தேர்வு.

மூன்றாவது, ஆன்லைன் பட்டம். வகுப்பும் பாடமும் இணையத்திலேயே இருக்கும்.

வடசென்னை தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் வகையில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என ஷிப்ட் சுழலும் இடங்களில், இந்த வாரம் மாலை ஃப்ரீயாக இருப்பவர் அடுத்த வாரம் அதே மாலையில் மெஷின் முன்னால் நிற்பார். தினமும் மாலை 4 மணிக்கு வகுப்பு என்றால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் கட்டாயம் போச்சு. நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கமும் போச்சு. அதிலேயே வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். ஜெனரல் ஷிப்ட், அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கும் மதிய வகுப்பு ஒத்துவராது. அதனால் இவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது தொலைநிலையும் ஆன்லைனும்தான்.

உழைப்பவர்களுக்கான உயர்கல்வி என்ற யோசனை புதிதல்ல. லண்டனில் 1823-ல் தொழிலாளர்களுக்கான பயிலகமாகத் தொடங்கப்பட்டதுதான் இன்றைய பிர்க்பெக் கல்லூரி. மாலை நேர வகுப்புக்காகவே அது பெயர் பெற்றது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் ஒரே எம்.ஏ.வை ஓராண்டு முழுநேரமாகவோ, இரண்டாண்டு பகுதிநேரமாகவோ படிக்கலாம். இந்தியாவில் அந்தப் பகுதிநேர முறை கலைப் படிப்புகளில் பெரிதாக வளரவில்லை. அதன் இடத்தைத் தொலைநிலைக் கல்வி பிடித்துக்கொண்டது.

சினிமாவை மட்டும் ஏன் தொலைநிலையில் படிக்க முடியாது?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, எந்தெந்தப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியர், கட்டிடக்கலை, ஓட்டல் மேலாண்மை ஆகியவற்றோடு ‘விஷுவல் ஆர்ட்ஸ்’ என்ற பிரிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

தரமணியில் உள்ள தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் தரும் பட்டத்தின் பெயரே ‘பேச்சிலர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்’. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை, படத்தொகுப்பு, டிஜிட்டல் இன்டர்மீடியட், அனிமேஷன் ஆகியவற்றில் தரப்படும் இது நான்கு வருட முழுநேர இளநிலைப் படிப்பு. இப்படி ஸ்டுடியோவில் நின்று கற்க வேண்டிய ஒரு விஷுவல் ஆர்ட்ஸ் பட்டத்தைத் தொலைநிலையில் தர விதி இடம் கொடுக்காது.

இதழியலும் மக்கள் தொடர்பியலும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. டிஜிட்டல் மீடியா, மின்னணு ஊடகம் போன்ற படிப்புகள் இந்தக் குடையின் கீழ் வருவதால் அவற்றைத் தொலைநிலையில் தர முடிகிறது. ‘சினிமா’ என்று தேடுபவர்களுக்குக் கடைசியில் ‘மாஸ் கம்யூனிகேஷன்’ படிப்பு காட்டப்படுவதற்குக் காரணம் இதுதான்.

முழுநேரமாக என்னென்ன இருக்கின்றன?

சில வருடங்கள் வேலையை விட முடிந்தவர்களுக்கு நல்ல வாய்ப்புகள் உண்டு.

- புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரி: பட்டதாரிகளுக்கான திரைப்படப் படிப்பில் நாட்டின் முன்னணி அரசு நிறுவனங்கள். நுழைவுத் தேர்வு உண்டு. 2025 ஏப்ரலில் இரண்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வழங்கப்பட்டது.
- பன்னாட்டுத் திரை - பண்பாட்டு ஆய்வகம்: ‘வட சென்னை’ படத்தின் இயக்குநர் வெற்றிமாறன் 2021-ல் சென்னையில் தொடங்கியது. வசதி குறைந்த, சமூகத்தில் பின்தங்கிய குடும்பங்களில் இருந்து வரும் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. தங்கிப் படிக்கும் முறை.

வேலையை விட முடியாதவர்களுக்கு இவை எட்டாதவைதான். ஆனால், 21, 22 வயதில், குடும்பப் பொறுப்பு முழுதாகத் தோளில் விழாமல் இருப்பவர்கள், தொலைநிலைப் படிப்பில் பணம் கட்டும் முன் இவற்றின் விண்ணப்ப அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, வேலை பார்த்துக்கொண்டே எங்கே சேரலாம்?

*இக்னோ:* மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கும் புதிய ஊடகத்துக்கும் தனிப் பள்ளியே இருக்கிறது. எம்.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல், எம்.ஏ. இதழியல் மற்றும் மின்னணு ஊடகம், டிஜிட்டல் மீடியாவில் முதுநிலை டிப்ளமோ ஆகியவை இந்தத் துறையில் வருபவை. எம்.ஏ.வைக் குறைந்தது 2 வருடத்திலும், அதிகபட்சம் 4 வருடத்திலும் முடிக்கலாம். வருடத்துக்கு ஜனவரி, ஜூலை என இரண்டு முறை சேர்க்கை நடக்கும். தேர்வுகள் ஜூன், டிசம்பரில். வழக்கமாக அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் மதிப்பெண்.

*தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்:* 2002-ல் தமிழக அரசு சட்டம் இயற்றி உருவாக்கியது. இங்கும் எம்.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் உண்டு. தலைமையகம் சைதாப்பேட்டையில். விம்கோ நகரில் ஏறினால் புளூ லைன் மெட்ரோவில் வண்டி மாறாமல் சைதாப்பேட்டை போய்விடலாம். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தப் பயணம் பாதி நாள் வேலை.

இரண்டிலும் சேரும் முன்பு, அந்த ஆண்டுக்கான சேர்க்கைக் குறிப்பேட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பாடமும் தேர்வும் எந்த மொழியில், தொடர்பு வகுப்பு எந்த மையத்தில், செய்முறை அல்லது புராஜெக்ட் எப்படி. பட்டம் எந்தப் பாடத்தில் வாங்கியிருந்தாலும் சேர முடியுமா என்பதும் அதிலேயே இருக்கும்.

தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கும் பட்டம், நேரடியாகப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அதே 2022-ல், ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கவும் அனுமதி வந்தது. அதனால் ஏற்கெனவே வேறு ஒரு முதுகலை படிப்பவரும் இதில் தொலைநிலையில் சேரலாம்.

ஒரு எச்சரிக்கை. தமிழக அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளநிலைப் பட்டம், பிறகு முதுகலை என்ற வரிசை சரியாக இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்கு இதில் சிக்கல் வருகிறது. ஐடிஐ முடித்துவிட்டு ஃபேக்டரிக்கு வந்து, பிறகு தொலைநிலையில் டிகிரி வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கணும்?

விளம்பரத்தில் சொல்லாத கணக்கு இது. இக்னோ முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஒரு எம்.ஏ. 64 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,920 மணி நேரம்.

- 2 வருடத்தில் முடிக்க: வாரத்துக்கு சுமார் 18 மணி நேரம்.
- 4 வருடத்தில் முடிக்க: வாரத்துக்கு சுமார் 9 மணி நேரம்.

வாரம் 48 மணி நேரம் வேலை, அதற்கு மேல் ஓவர்டைம், போக வர பயணம் என்று இருப்பவருக்கு 18 மணி நேரம் என்பது தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அது கஷ்டம். 9 மணி நேரம் என்றால் வார விடுமுறையில் 4 மணி நேரம், மற்ற நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அது முடியும். ஆகவே ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் ஆரம்பத்திலேயே மூன்று அல்லது நான்கு வருடத் திட்டம் போடுவது புத்திசாலித்தனம். ‘ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்’ என்று சேர்ந்து, முதல் ஜூன் தேர்விலேயே லீவு கிடைக்காமல் விட்டுவிட்டால் கட்டிய பணம் வீண்.

அசைன்மென்ட் கடைசித் தேதி, தேர்வு மாதம் இரண்டையும் சேர்ந்த அன்றே குறித்துக்கொண்டு, தேர்வுக்கான லீவை சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது பாதி வெற்றி.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்கு, எழும்பூர் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் ஆகியவை இருக்கின்றன.

கேமரா, எடிட்டிங்கை எங்கே கற்பது?

தொலைநிலை எம்.ஏ. தருவது பெரும்பாலும் ஊடகக் கோட்பாடு, வரலாறு, சட்டம், எழுத்து, ஆய்வுமுறை. அதைப் படித்தால் ஒரு செய்தி, ஒரு படம் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். லைட் வைக்கவும், சவுண்ட் எடுக்கவும் அது கற்றுத்தராது. அதற்குத் தனி வழிகள் வேண்டும்.

- *இலவச இணையப் பாடங்கள்:* மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017 முதல் இயங்குகிறது. அதில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஆயிஷா விஸ்வமோகனின் திரைப்பட ஆய்வு அறிமுகப் பாடம் வந்திருக்கிறது. இதுபோன்ற பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம்.
- *குறுகிய காலப் பயிற்சி:* புனே திரைப்படக் கல்லூரி 2017 முதல் பல ஊர்களிலும், பின்னர் ஆன்லைனிலும் சில நாள், சில வாரப் பயிற்சிகளை நடத்திவருகிறது. திரைக்கதை, படத்தொகுப்பு, திரைப்பட ரசனை போன்ற தலைப்புகளில் இவை வரும். இவற்றைச் சேமித்து வைத்த லீவிலேயே முடிக்கலாம்.
- *வாசிப்பும் பேச்சும்:* உதவி இயக்குநர்களுக்காக பா. ரஞ்சித் தொடங்கிய கூகை திரைப்பட இயக்கத்தின் நூலகம் போன்ற இடங்களில் புத்தகமும் கிடைக்கும், அதே கனவோடு வரும் ஆட்களும் கிடைப்பார்கள். இந்தத் துறையில் இரண்டாவதுதான் முக்கியம்.
- *கையில் உள்ள போன்:* மூன்று நிமிடப் படம் ஒன்றை மாதாமாதம் முடிப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் 12 படங்கள். வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு அதுதான் வேண்டும்.

பாடத்துக்கான கதை பக்கத்துத் தெருவில்

படிப்பின் கடைசியில் புராஜெக்ட் என்று வரும்போது, வடசென்னை மாணவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது.

1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், விடியற்காலை காசிமேடு ஏலம், ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் வளர்ந்த திருவொற்றியூர், அனல்மின் நிலையச் சாம்பலோடு வாழும் எண்ணூர் மீனவர்கள். 2023 டிசம்பரில் மட்டும் இங்கே இரண்டு பெரிய செய்திகள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த இரவை வெளியூர் கேமராக்கள் வந்து சேரும் முன்பே பார்த்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

ஒரு நல்ல டிஜிட்டல் படைப்பு என்ன செய்யும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’ எண்ணூர் கழிமுகத்தில் எடுக்கப்பட்டது. டி.எம். கிருஷ்ணா பாடினார், கபேர் வாசுகி எழுதினார், ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். ‘புறம்போக்கு’ என்று திட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டுவந்த சொல்லுக்கு, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளை ஒரு சில நிமிட வீடியோ மீட்டுக் கொடுத்தது.

‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ ஆகிய படங்களால் இந்தப் பகுதி திரையில் வந்துவிட்டது. ரவுடி, குத்துச்சண்டை, அரசியல் தாண்டி இன்னும் வராத கதைகள் ஏராளம். அவற்றை எடுக்கும் ஆட்கள் இங்கிருந்தே வருவார்களா என்ற கேள்விக்கு, ஷிப்ட் வேலையோடு படிக்க வழி இருக்கிறதா என்பதும் ஒரு பதில்.

ஷூட்டிங் போகும் முன் கவனம்: துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலைய வளாகங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கேமராவோ, மேலே டிரோனோ கொண்டுபோகக் கூடாது. வேலை பார்க்கும் கம்பெனிக்குள் போனில் வீடியோ எடுத்தால் வேலைக்கே ஆபத்து. கல்லூரி புராஜெக்ட் என்பது இதற்கு விதிவிலக்கு ஆகாது.

‘பிஜி டிப்ளமோ’ விளம்பரம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

யுஜிசி சட்டப்படி பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. தனியார் அகாடமி தரும் ‘பிஜி டிப்ளமோ’ ஒரு பயிற்சிச் சான்றிதழ். பயிற்சி நன்றாக இருந்தால் அதற்கான மதிப்பு உண்டு, ஆனால் அது எம்.ஏ. ஆகாது. பணம் கட்டும் முன்:

1. சான்றிதழில் கையெழுத்துப் போடும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்கவும்.
2. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கவும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் அந்தப் படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம்.
3. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர மாணவர் தன் பெயரில் டி.இ.பி. ஐ.டி. உருவாக்க வேண்டும். ‘அதெல்லாம் வேணாம், நாங்க பாத்துக்கிறோம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.
4. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘கிளை’ என்று தெருமுனை சென்டர் சொன்னால் நம்ப வேண்டாம். தொலைநிலைக் கல்வியை ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை.
5. ‘போன வருஷத் தேதியில் சேர்த்துவிடுகிறோம்’, ‘தேர்வு எழுத வேண்டாம்’ என்ற வார்த்தைகள் வந்தால் அது மோசடி.

டிகிரி வாங்கினா சினிமா சான்ஸ் கிடைக்குமா?

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில எம்.ஏ. படிக்கும்போது பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தவர். பா. ரஞ்சித் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து வந்தவர். ஷூட்டிங் ஸ்பாட்டில் யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை.

பட்டம் கேட்கப்படும் இடங்கள் வேறு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான ‘நெட்’ தேர்வில் மக்கள் தொடர்பியல் ஒரு பாடம். அதை எழுத முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. செய்தி நிறுவனங்கள், விளம்பர நிறுவனங்கள், பெரிய கம்பெனிகளின் தகவல் தொடர்புப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் விண்ணப்பத்தை வடிகட்டும்போது முதுகலை கைகொடுக்கும். இப்போது வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பயிற்சி வீடியோ, பாதுகாப்பு வீடியோ தயாரிக்கும் பிரிவு இருந்தால், ஷாப் ஃப்ளோர் தெரிந்த ஒருவருக்கு அங்கே போட்டி குறைவு.

யாருக்கு எது சரி?

- இயக்குநர் அல்லது ஒளிப்பதிவாளர் ஆவது மட்டுமே லட்சியம், வயதும் சூழலும் இடம் கொடுக்கிறது: முழுநேரக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம்.
- வேலையை விட முடியாது, ஊடகத் துறைக்கு மாறவோ ஆசிரியர் ஆகவோ விருப்பம்: தொலைநிலை எம்.ஏ., மூன்று நான்கு வருடத் திட்டத்தோடு.
- இந்தத் துறை ஒத்துவருமா என்றே தெரியவில்லை: முதலில் ஸ்வயத்தில் ஒரு இலவசப் பாடம், கூடவே போனில் மூன்று படங்கள். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குறையாமல் இருந்தால் டிஜிட்டல் மீடியா டிப்ளமோ, பிறகு எம்.ஏ.

அடுத்த சேர்க்கை ஜனவரியிலோ ஜூலையிலோ வரும். டி.இ.பி. ஐ.டி. எடுக்க ஆதார், ஏபிசி ஐ.டி. ஆகியவையும், விண்ணப்பத்துக்கு டிகிரி சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவையும் தேவைப்படும். பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்து, இல்லையென்றால் திருத்தி வைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டிய பிறகு ஒரு எழுத்துப் பிழைக்காக அரைநாள் லீவு போட்டு அலைய வேண்டியிருக்காது.